துரத்தாமல் விற்க முடியுமா? சித்தியின் நோட்டு சொன்ன கணக்கு

பள்ளிக்கூடத்தில் நம்மோடு படித்த தோழி. ஏழு வருஷமாகப் பேச்சே இல்லை. திடீரென ஒருநாள் வாட்ஸ்அப்பில், 'ஹாய், எப்படி இருக்க? உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும். நேர்ல மீட் பண்ணலாமா?' என்று மெசேஜ் வருகிறது. உங்களுக்கு என்ன தோன்றும்? 'கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போறா போல' என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். நம்மில் பலருக்கும் உள்ளுக்குள் மணி அடித்துவிடும். 'ஐயோ, இவளும் அதுல சேர்ந்துட்டாளா?'

'அது' என்றால் எது என்று விளக்கவே வேண்டியதில்லை. நெட்வொர்க் மார்க்கெட்டிங், எம்.எல்.எம்., நேரடி விற்பனை... பெயர்தான் வேறு வேறு. கம்பெனியிடம் தள்ளுபடி விலையில் பொருள் வாங்கி, தெரிந்தவர்களுக்கு விற்க வேண்டும். நமக்குக் கீழே ஆட்களைச் சேர்த்தால், அவர்கள் செய்யும் வியாபாரத்திலும் நமக்கு ஒரு பங்கு வரும். இதுதான் அடிப்படை.

இவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று ஆயிரம் மீம்ஸ் உண்டு. நான் எழுத வந்தது அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நிற்பவர்களுக்காக. அந்த மெசேஜை டைப் செய்துவிட்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று ஐந்து நிமிஷம் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்காக. ஏனென்றால், என் சித்தி அவர்களில் ஒருவர்.

நூறு பேர் பட்டியல்

சித்தி இருப்பது கரூரில். பெட்ஷீட், டவல், திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் ஒரு யூனிட்டில் சித்தப்பாவுக்கு பேக்கிங் சூப்பர்வைசர் வேலை. ஒரு வருஷம் ஆர்டர் குறைந்தது. ஓவர்டைம் நின்றது. ஓவர்டைம் பணத்தில்தான் பெரியவளின் ப்ளஸ் டூ டியூஷன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் வந்து, 'ஒரு மீட்டிங் இருக்குதுங்க்கா, சும்மா வந்து பாருங்க' என்று கூப்பிட, சித்தி போனார்.

கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். பாத்திரம் கழுவும் லிக்விட், டூத் பேஸ்ட், ஃபேஸ் க்ரீம், புரோட்டீன் பவுடர் என்று வழக்கமான சரக்குதான்.

முதல் மீட்டிங்கிலேயே வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். 'உங்களுக்குத் தெரிஞ்ச நூறு பேரோட பெயரை எழுதிட்டு வாங்க.' சித்தி லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, எழுதினார். முதல் பெயர் என் அம்மா. இரண்டாவது நான். அதன்பின் மாமா, அத்தை, பால்காரர், டியூஷன் டீச்சர், மாரியம்மன் கோயிலில் பூ விற்கும் அக்கா.

எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் பாடம் உண்டு. போனில் கம்பெனி பெயரைச் சொல்லக் கூடாது. 'ஒரு நல்ல ஐடியா இருக்கு, டீ குடிக்க வாங்க' என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் 'வேண்டாம்' என்றால், 'இப்போதைக்கு வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று தடவையாவது விடாமல் கேட்க வேண்டும். சித்தி பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியும் மேலே படிக்க முடியாமல் போனவர். சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்யும் மாணவி. செய்தார்.

மாதக் கடைசியில் பாயின்ட் கணக்கு வரும். குறிப்பிட்ட பாயின்ட் எட்டவில்லை என்றால் அந்த மாத கமிஷன் கைக்கு வராது. அதனால் குறைகிற பாயின்டுக்குத் தானே பொருள் வாங்கிவிடுவார். அந்தப் பெட்டிகள் எல்லாம் இரும்புக் கட்டிலுக்கு அடியில் போகும். பதினோரு மாதத்தில் கட்டிலுக்கு அடியில் 26,000 ரூபாய் சரக்கு. சித்தியின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக் கடையில்.

இதற்கு நடுவில்தான் என் அக்காவின் வளைகாப்பு. பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, சித்தி தன் பையிலிருந்து புரோட்டீன் பவுடர் டப்பாவை எடுத்து அக்காவின் மாமியார் கையில் கொடுத்தார். 'மாசமா இருக்கறப்ப டாக்டர் தர்ற மாத்திரையைவிட இது நல்லா வேலை செய்யுமுங்க' என்று ஆரம்பித்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிளம்பும்போது என் அம்மாவிடம் மட்டும், 'உங்க தங்கச்சி விசேஷத்துக்கு வந்தாங்களா, வியாபாரத்துக்கு வந்தாங்களா?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு சீரியல் முடிந்ததும் அக்காவும் தங்கையும் அரை மணி நேரம் பேசுவார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். வளைகாப்புக்குப் பிறகு ஐந்து மாதம் அந்த போன் வரவும் இல்லை, போகவும் இல்லை.

குறை எங்கே இருக்கிறது?

நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் இருப்பவர்கள் என்றாலே 'வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர்கள், வெட்கம் பார்க்காதவர்கள்' என்று நினைக்கிறோம். என் சித்தி அப்படிப்பட்டவரே இல்லை. கடையில் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்கத் தயங்கி, சித்தப்பாவை அனுப்புகிறவர். அப்படிப்பட்ட ஒருவர் எப்படி வளைகாப்பில் டப்பாவைத் திறந்தார்?

எனக்கு விடை கிடைத்தது என் வேலையில்தான். டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினம். அதற்காக நேரடி விற்பனை பற்றி ஒரு விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். மத்திய அரசு 2021 டிசம்பரில் கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க சித்தி வீட்டுக் கட்டிலின் அடிப்பகுதிதான் கண்ணுக்குள் வந்தது.

சரக்கைக் காசு கொடுத்து வாங்கி வைத்தாயிற்று. மாதம் முடியப் போகிறது. அடகுக் கடை வட்டி ஏறுகிறது. அந்த நிலையில் எதிரே வரும் ஒவ்வொரு மனிதரும், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளில் ஒன்றைக் குறைக்கக்கூடியவராகத்தான் தெரிவார். சித்தியைத் துரத்தியது அந்தப் பெட்டிகள்; சித்தி மற்றவர்களைத் துரத்தினார். 'இனிமையாகப் பேசுவது எப்படி' என்று பத்து வகுப்பு எடுத்தாலும், கட்டிலுக்கு அடியில் பெட்டி இருக்கும்வரை பேச்சில் அவசரம் இருக்கத்தான் செய்யும். நெருக்கடி கொடுக்காமல் விற்க வேண்டும் என்றால், முதலில் நம் தலையில் நெருக்கடி இருக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருபவை.

சட்டம் சொல்லும் மரியாதை

அந்த விதிகளில் சில, நம் பாட்டிகள் சொல்லிக்கொடுத்த மரியாதைப் பழக்கம் மாதிரியே இருக்கின்றன.

விற்கப் போகிறவர் பேச்சை ஆரம்பிக்கும்போதே, தான் யார், எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறோம் என்பதை உண்மையாகவும் தெளிவாகவும் சொல்லிவிட வேண்டும். அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டியே நேரமோ அனுமதியோ வாங்காமலும் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. கம்பெனி ஒப்புக்கொள்ளாத எந்தப் பெருமையையும் பொருளுக்குச் சேர்த்துச் சொல்லக் கூடாது. விலை, திருப்பித் தரும் வசதி, பணம் திரும்பக் கிடைக்கும் முறை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். 'நாலு பேரைச் சேர்த்துவிட்டால் நீங்க கொடுத்த காசு திரும்பி வந்துடும்' என்று ஆசை காட்டி விற்கவே கூடாது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சித்திக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, 'அப்ப எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பூராவும் இதுக்கு நேர்மாறா இருக்குதே கண்ணு' என்றார்.

யோசித்துப் பார்த்தால், வீடு தேடி வந்து விற்பது நமக்குப் புதிதே இல்லை. சைக்கிளில் மூட்டை கட்டி வரும் புடவைக்காரரை நினைத்துப் பாருங்கள். தெருமுனையிலேயே குரல் கொடுப்பார். திண்ணையில் மூட்டையைப் பிரிப்பார். நாலு வீட்டுப் பெண்கள் கூடுவார்கள். இருபது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்றாலும், சிரித்துக்கொண்டே மடித்துக் கட்டிக்கொண்டு போவார். அடுத்த மாதமும் வருவார். அவரைப் பார்த்து யாரும் கதவைச் சாத்தவில்லை. ஏனென்றால், அவர் விற்க வந்தவர் என்பது அவர் குரலிலேயே தெரியும். டீ குடிக்கக் கூப்பிட்டு, நடுவில் மூட்டையைப் பிரிக்கவில்லை.

நம் வீட்டு அலமாரிகளில் இடம்பிடித்த டப்பர்வேர் கதையும் இதேதான். அமெரிக்காவில் 1940-களில் அந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் கடைக்கு வந்தபோது சரியாக விற்கவில்லை. மூடியை அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி மூடும் வித்தை அலமாரியில் இருக்கும் டப்பாவைப் பார்த்தால் புரியாது. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி, வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி, மூடிக் காட்டி, கவிழ்த்துக் காட்டி விற்றார். அது எடுபட்டதைப் பார்த்து 1951-ல் அந்த கம்பெனி கடை விற்பனையையே நிறுத்திவிட்டு, வீட்டு விருந்து விற்பனைக்கு மாறியது. அந்த விருந்துக்கு வந்தவர்களுக்கு, தாங்கள் டப்பா பார்க்கத்தான் போகிறோம் என்பது தெரியும். பார்ப்பதற்கு அங்கே ஒரு விஷயமும் இருந்தது.

அதே டப்பர்வேர் 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. எல்லாமே கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிற காலம். தெரிந்தவர் ஒருவரிடம்தான் வாங்க வேண்டும் என்றால், அதற்கு ஒரு காரணம் வேண்டும். 'பாவம், நம்ம பொண்ணு' என்பது ஒரு தடவைக்குத்தான் காரணம். இரண்டாவது தடவைக்கு வேறு காரணம் வேண்டும்.

நோட்டில் இருந்த ஏழு பேர்

அந்தப் பொங்கலுக்குக் கரூர் போயிருந்தேன். சித்தி பழைய நோட்டை எடுத்தார். பதினோரு மாதத்தில் கம்பெனியிடம் வாங்கியது மொத்தம் 61,000 ரூபாய். அது எங்கே போனது என்று இருவரும் உட்கார்ந்து பிரித்தோம்.

கட்டிலுக்கு அடியில் 26,000. வீட்டிலேயே பயன்படுத்தியது 14,000. சொந்தக்காரர்கள் முகத்துக்காக ஒரே ஒரு தடவை வாங்கியது 12,000. மீதி 9,000 ரூபாய்தான், தேவைப்பட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியவர்களிடம் விற்றது. அப்படி வாங்கியவர்கள் ஏழே பேர்.

அந்த ஏழு பெயரையும் சித்தி வட்டம் போட்டார். பார்த்தால் ஆச்சர்யம். அதில் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை. ஒருவரையும் மூன்று தடவை போன் செய்து கேட்டதில்லை. இட்லிக் கடை அக்கா ஒருவர், சித்தி வீட்டு வாசல் குழாயடியில் எண்ணெய்ச் சட்டி கழுவுவதைப் பார்த்து, 'அது என்னங்க லிக்விட்?' என்று தானாகக் கேட்டவர். இன்னொருவர், சோப்புத் தூள் ஒத்துக்கொள்ளாமல் கை வெடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா. நூறு பேர் பட்டியல் போட்டுத் துரத்தியதில் கிடைக்காத வாடிக்கையாளர்கள், சித்தி சும்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கிடைத்திருக்கிறார்கள்.

அப்போது சித்தியிடம் ஒரு பழைய வழக்கைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் ஆம்வே நிறுவனம் பிரமிடு திட்டமா இல்லையா என்று அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரித்து, 1979-ல் தீர்ப்பு சொன்னது. பிரமிடு திட்டம் இல்லை என்று முடிவெடுக்க, அந்த நிறுவனம் வைத்திருந்த சில விதிகளைக் காரணமாகக் காட்டியது. விற்காத சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வது ஒன்று. வாங்கிய பொருளில் குறைந்தது 70 சதவிகிதத்தை விற்றிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. போனஸ் வாங்க வேண்டும் என்றால் மாதம் பத்து வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்காவது சில்லறையாக விற்றிருக்க வேண்டும் என்பது மூன்றாவது. அதாவது, வெளி ஆள் வாங்கினால்தான் அது வியாபாரம். நாமே வாங்கி நாமே அடுக்கினால் அது வியாபாரம் ஆகாது.

'பத்துப் பேரா? எனக்கு ஏழு இருக்குது. இன்னும் மூணுதானே!' என்றார் சித்தி. அந்த வருஷத்தில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான்.

சித்தி மாற்றிக்கொண்டவை

முதல் முடிவு, ஆர்டர் கையில் இல்லாமல் ஒரு பாட்டில்கூட வாங்குவதில்லை. பாயின்ட் போனால் போகட்டும். இருந்த சரக்கில் பிரிக்காதது, தேதி தாண்டாதது எல்லாவற்றையும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பக் கேட்டார். நாலைந்து தடவை அலைந்த பிறகு பாதிக்கும் கொஞ்சம் மேலாகப் பணம் திரும்பி வந்தது. அந்தப் பணமும், அதன்பின் சேர்த்ததும் சங்கிலியை மீட்க உதவின.

அதன்பிறகு பேச்சு தானாக மாறியது. அவர் கடைப்பிடிப்பவற்றை, இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் வரிசையாகத் தருகிறேன்.

முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவது. 'நான் இந்த கம்பெனிப் பொருள் விக்கிறேனுங்க. பாத்திரம் கழுவற லிக்விட் பத்திச் சொல்லலாமா? வேண்டாம்னா ஒண்ணுமில்லீங்க.' அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம் என்கிறார் சித்தி. 'வேண்டாம்' என்று சொல்ல வழி இருப்பது தெரிந்தால், எதிராளி தோளைத் தளர்த்திக்கொண்டு காது கொடுக்கிறார்.

ஒரு தடவைதான் கேட்பது. வேண்டாம் என்று சொன்னவர் பெயருக்கு எதிரே நோட்டில் சின்னதாகப் பெருக்கல் குறி. அவரிடம் இனிமேல் பொருள் பற்றிப் பேசக் கூடாது. ஆனால், அவர் வீட்டில் காய்ச்சல் என்றால் போன் செய்து விசாரிக்க வேண்டும். பெருக்கல் குறி பொருளுக்குத்தான், மனிதருக்கு இல்லை.

தான் பயன்படுத்தாததை விற்காமல் இருப்பது. ஃபேஸ் க்ரீமை மூன்று மாதம் போட்டுப் பார்த்தார். 'எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலீங்க. கடையில கிடைக்கறதே போதும்' என்று கேட்டவர்களிடமே சொல்லிவிட்டார். ஒன்றை நன்றாக இல்லை என்று சொன்னதால், நன்றாக இருக்கிறது என்று சொன்ன மற்றதை நம்பி வாங்கினார்கள்.

விலையை மறைக்காமல் கணக்குப் போட்டுக் காட்டுவது. கெட்டியான லிக்விட் பாட்டில் விலையைப் பார்த்தால் கடைப் பொருளைவிட அதிகம்தான். தண்ணீர் கலந்து எத்தனை நாள் வருகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று இரண்டுக்கும் எழுதிக் காட்டுவார். கணக்கில் கடைப் பொருள்தான் லாபம் என்றால் அதையும் சொல்வார். டூத் பேஸ்ட் விஷயத்தில் அப்படித்தான் ஆனது.

வைத்தியம் பேசாமல் இருப்பது. வளைகாப்பில் நடந்தது போதும் என்று அவரே எடுத்த முடிவு. ஊட்டச்சத்துப் பொருள்களின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். சர்க்கரை நோய் மாதிரியான வியாதிகளைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. 'சுகர் குறையுமா?' என்று யாராவது கேட்டால், 'டாக்டரைக் கேளுங்க. நான் பாத்திரம் கழுவற லிக்விட் விக்கறவ' என்கிறார்.

தேதி குறித்து வைப்பது. இட்லிக் கடைக்கு ஒரு பாட்டில் எத்தனை நாள் வரும், பக்கத்து வீட்டுக்கு எத்தனை நாள் வரும் என்று நோட்டில் இருக்கிறது. தீர்வதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரே ஒரு மெசேஜ். 'அக்கா, லிக்விட் தீரப்போகுதுங்களா? வேணும்னா சொல்லுங்க.' இதை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை. கடைக்குப் போகும் வேலை மிச்சம் என்று நினைக்கிறார்கள்.

குடும்ப குரூப்பில் விளம்பரம் போடாமல் இருப்பது. முன்பெல்லாம் காலையில் 'இனிய வணக்கம்' படத்தோடு கார், பங்களா, 'நீங்களும் சாதிக்கலாம்' என்று குரூப் குரூப்பாக வரும். இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும். அதுவும் வாரம் ஒன்றோ இரண்டோ. அடிப்பிடித்த பால் பாத்திரம், கழுவிய பிறகு அதே பாத்திரம், அவ்வளவுதான். பார்க்க விரும்புகிறவர் பார்ப்பார். கேட்க விரும்புகிறவர் கேட்பார்.

விசேஷ வீட்டுக்குப் பொருளோடு போகாமல் இருப்பது. கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு எதிலும் தொழில் பேச்சு கிடையாது. அங்கே யாராவது கேட்டாலும், 'நாளைக்கு போன் பண்றேனுங்க' என்று முடித்துவிடுவார்.

கடைசியாக, பொருளை விற்பதையும் ஆள் சேர்ப்பதையும் கலக்காமல் இருப்பது. லிக்விட் வாங்க வந்தவரிடம், 'நீங்களும் சேர்ந்துடுங்க' என்று சொல்வதே இல்லை. தானாக யாராவது வருமானம் பற்றிக் கேட்டால், தன் நோட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார். அதில் வரவு மட்டுமல்ல, பெட்ரோல், போன் ரீசார்ஜ், அடகு வட்டி எல்லாம் இருக்கிறது. நோட்டைப் பார்த்த மூன்று பேரில் இரண்டு பேர், 'யோசிச்சுச் சொல்றேங்க்கா' என்று போய்விட்டார்கள். சித்திக்கு அதில் வருத்தம் இல்லை.

மரியாதை மட்டும் போதாத இடம்

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுசாகாது. எவ்வளவு நாகரிகமாகப் பேசினாலும், சேர்ந்த திட்டமே தவறாக இருந்தால் பிரயோஜனமில்லை. பொருள் பெயருக்கு இருந்து, ஆள் சேர்த்தால் மட்டுமே பணம் என்றால் அது வியாபாரம் இல்லை. பணச் சுழற்சித் திட்டங்களை நம் நாட்டில் 1978-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். 2021 விதிகளும் நேரடி விற்பனை என்ற பெயரில் பிரமிடு திட்டமோ பணச் சுழற்சியோ நடத்தக் கூடாது என்கின்றன.

சேர்வதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். சேருவதற்கே கட்டணம் கேட்கிறார்களா? விற்க முடிகிற அளவைவிட அதிகமாகச் சரக்கு வாங்கச் சொல்கிறார்களா? மனசு மாறினால் விலகிக்கொள்ள அவகாசம் உண்டா? விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா? இந்த நாலுமே 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இருக்கும் விஷயங்கள். பதில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்று வாயால் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கிய பொருளில் பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம்.

இன்னொரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கமிஷன் என்று ஒன்று இல்லவே இல்லை என்றாலும், இந்தப் பொருளை இந்த விலைக்கு நான் வாங்குவேனா? 'மாட்டேன்' என்று மனசு சொன்னால், அதை இன்னொருவர் தலையில் கட்ட எந்தப் பேச்சுக் கலையும் உதவாது.

இப்போது

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சித்தியின் நோட்டில் இன்று 41 வாடிக்கையாளர்கள். செலவு போக மாதம் நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு நிற்கிறது. கார் வரவில்லை. தாய்லாந்து டூர் போகவில்லை. சனிக்கிழமை மீட்டிங்குக்கும் போவதில்லை. 'உங்களுக்கு வேகம் பத்தாதுங்க்கா' என்று மேலே இருப்பவர்கள் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். சின்னவனின் ஸ்கூல் வேன் கட்டணம் மட்டும் மாதாமாதம் சித்தி கையிலிருந்து போகிறது.

அம்மா இன்றுவரை சித்தியிடம் ஒரு பாட்டில்கூட வாங்கியதில்லை. பழகிய சோப்பை மாற்ற மாட்டார். சித்தியும் கேட்டதில்லை. நோட்டில் அம்மாவின் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு போன் அடிக்கிறது; அரை மணி நேரம் சீரியல் கதை ஓடுகிறது. எனக்கு அந்த 41 பேரைவிட இது பெரிய வருமானமாகத் தெரிகிறது.

நீங்கள் இந்தத் தொழிலில் இருப்பவர் என்றால், அடுத்த மீட்டிங்குக்கு முன்னால் உங்கள் நோட்டை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். நீங்களே வாங்கியது எவ்வளவு, முகத்துக்காக வாங்கியது எவ்வளவு, தேவைக்காக வாங்கியது எவ்வளவு என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவதில் நாலு பேரோ, ஏழு பேரோ இருப்பார்கள். அவர்களை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். எட்டாவது ஆளை அவர்களே கூட்டிக்கொண்டு வருவார்கள்.

மூன்றாவதில் ஒருவருமே இல்லை என்றால், அந்தக் கணக்கும் ஒரு பதில்தான். கட்டிலுக்கு அடியில் அடுத்த பெட்டி சேருவதற்கு முன்பே அது தெரிந்துகொள்வது நல்லது.